யாருடைய கையெழுத்து?

சென்ற வருஷம் காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, ஐம்பதைத் தாண்டிய முகம். "சார், என்னையத் தெரியுதா? எண்பத்தாறு செட்டு, பிளஸ் டூ. நீங்கதான் வகுப்பு வாத்தியாரு" என்றார். பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. ஐந்தொகை போடச் சொன்னால் முதல் தடவையிலேயே இரண்டு பக்கமும் நேராக வரும் பையன்.

பந்தலுக்கு அழைத்துப் போய் நீர்மோர் வாங்கிக் கொடுத்தார். "லாரிதான் சார் ஓட்டுறேன். கிளீனரா ஏறுனது, முப்பத்தெட்டு வருஷமாச்சு. ரெண்டு பொண்ணுங்க. பெரியவ நர்சு" என்றார். பிறகு, வருத்தம் எதுவும் இல்லாத குரலில், "அந்த வருஷம் பரீட்சை எழுதியிருந்தா வேற மாதிரி போயிருக்கும். என்ன சார் செய்யிறது, எந் தலையெழுத்து அப்புடி" என்றார்.

மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடிக்க முடியவில்லை.

அவர் பரீட்சை எழுதாமல் போனதற்குக் காரணம் வருகைக் குறைவு. அந்தத் தை மாதம் அவருடைய தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டார். பையன் தாயாரோடு கதிர் அறுக்கப் போனான். ஒன்பது நாள் குறைந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார். தக்க காரணம் உண்டு என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் ஒப்புதல் வாங்க முயன்றிருப்பார். எனக்கு முப்பத்தைந்து வயது, கணக்கு வாத்தியார், ஒழுங்கு என்றால் ஒழுங்கு. "விதி விதிதானே சார்" என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டின் அடியில் நீல மையில் கையெழுத்துப் போட்டேன். அவர் எதைத் தலையெழுத்து என்று சொன்னாரோ, அது என் கையெழுத்து.

அரசாங்கம் போட்ட ஒழுங்குக்கும் ஆண்டவன் போட்ட எழுத்துக்கும் தமிழில் விதி என்ற ஒரே சொல்லைச் சொல்லலாம். அன்றைக்கு நான் ஒரு பொருளில் சொன்னேன். அவருக்கு அது மற்றப் பொருளில் போய்ச் சேர்ந்தது.

விதியா மதியா என்று பட்டிமன்றம் நடத்தாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது. எங்கள் ஊருக்கு அதில் தனி உரிமையே உண்டு. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பட்டிமன்றம் இன்றைய உருவில் மேடை ஏறி வளர்ந்தது அந்தக் கழகத்தில்தான். சிறுவனாக அப்பச்சியின், அதாவது என் தகப்பனாரின், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். விதி என்று மூன்று பேர், மதி என்று மூன்று பேர், கடைசியில் நடுவர் எழுந்து இரண்டும் வேண்டும் என்று முடிப்பார். கை தட்டுவோம். வீட்டுக்கு வந்தால் எதுவும் தீர்ந்திருக்காது. இத்தனை வயதுக்குப் பிறகுதான் ஏன் என்று புரிகிறது. அந்த மேடையில் எப்போதும் ஒரே ஒரு மனிதன்தான் நிற்பான். அவனுடைய விதியா, அவனுடைய மதியா என்றுதான் வழக்கு. அவனுக்கு எதிரே நிற்கும் இரண்டாவது மனிதனை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

கம்பனில் அந்த இரண்டாவது ஆள் இருக்கிறார். முடி பறிபோன செய்தி கேட்டு இலக்குவன் வில்லைத் தூக்குகிறான். இராமன் அவனை அமர்த்தும்போது, ஆற்றில் நீர் வற்றினால் அது ஆற்றின் குற்றமா என்று கேட்கிறான். தந்தையின் பிழையில்லை, தாயின் பிழையில்லை, பரதன் பிழையுமில்லை, விதியின் பிழை என்கிறான். இலக்குவன் ஒப்பவில்லை, தன் வில் அந்த விதிக்கே விதியாகும் என்கிறான். இந்த இடத்தை இருநூறு தடவை கேட்டிருப்பேன். பேசியவர்கள் எல்லாரும் இராமனையும் இலக்குவனையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். அங்கே இல்லாத கைகேயியை நினைத்துப் பாருங்கள். இராமன் விதி என்று சொல்வது அவள் யோசித்து, தேர்ந்து, வாய்விட்டுக் கேட்ட வரம். அவளுடைய மதி இவனுக்கு விதி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விதி என்ற சொல்லை அங்கே சொல்கிறவன் இழந்தவன். சொல்லி, இழக்க வைத்தவளை விடுவிக்கிறான். அதே வாசகத்தைக் கைகேயி சொல்லியிருந்தால் கேட்கச் சகிக்குமா? "நான் என்ன செய்ய, உன் விதி" என்று?

அந்த லாரி ஓட்டுநர் பந்தலில் சொன்னது இராமன் சொன்னது. அதை நான் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

எங்கள் குடும்பமே விதி என்ற சொல்லை எவ்வளவு தாராளமாகச் செலவழித்திருக்கிறது என்று எனக்கு ஒரு பேரேடு காட்டியது. எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், 1910இல் பன்னிரண்டாம் வயதில் பெட்டியடிப் பையனாக இரங்கூனுக்குக் கப்பலேறினார். கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்பது நகரத்தார், அதாவது எங்கள் செட்டியார்கள், பேச்சு. வானம் பார்த்த சீமை இது. ஊருணியில் தண்ணீர் நின்றால்தான் ஊர். அந்த வயதுப் பையனுக்கு அதில் என்ன தேர்வு இருந்திருக்கும்? பிறகு ஏஜண்டுக்கு உதவியாக அடுத்தாளாக இருந்து, 1927இல் பெகுவில் ஒரு வட்டிக்கடைக்கு ஏஜண்டானார். கடை அவருடையதில்லை, முதலாளி இங்கே ஊரில். சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், கணக்கை முடித்துக்கொண்டு வருவார், மறுபடி போவார்.

1934இல் வந்தபோது கொண்டுவந்த பேரேடு எங்கள் பூர்விக வீடான வளவில், இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில் கிடந்தது. பாகம் பிரிக்கையில் பித்தளை அண்டா யாருக்கு, பர்மாத் தேக்குக் கதவு யாருக்கு என்று நாள் கணக்கில் பேசினார்கள். பேரேட்டை யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

1929 தொடங்கி 1933 வரை. முதல் ஏடுகளில் பெயரும் தொகையும் வட்டியும் மட்டும். விதைப்புக்குக் கடன், அறுப்பில் வரவு, தீர்ந்தது என்று குறுக்கே ஒரு கோடு. 1930க்குப் பிறகு கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. உலக மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. விளைந்தும் கடன் அடையாத காலம். தராவடியில் சாயா சான் தலைமையில் குடியானவர்கள் கலகம் செய்தது அந்த 1930 டிசம்பரில்தான். ஏட்டில் கலகத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. பணப் பத்தியில் தொகைக்குப் பதிலாக ஏக்கர் ஏறுகிறது. 38 ஏக்கர். 22 ஏக்கர். 51 ஏக்கர்.

செட்டியார்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. பணம் புரளுகிற தொழில். நிலத்தில் மாட்டிக்கொண்ட பணம் செத்த பணம். ஆனால் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 பங்கானது. எட்டு வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலம் கை மாறியதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். முதலாளி ஊரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று ஏட்டுக்குள் மடித்திருந்தது: புதுக் கடன் நிறுத்தவும், பழைய பாக்கியை விடாமல் வசூலிக்கவும். முதலாளிக்கும் மேலே அவருக்குக் கடன் கொடுத்த வங்கிகள். வங்கிகளுக்கும் மேலே எங்கோ சரிந்த சந்தை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்தவரைக் காட்டி, என் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த ஏணியின் கடைசிப் படியில் 38 ஏக்கர்காரர் நின்றார். அவர் பெயர் ஐயாவின் தமிழெழுத்தில் ஏறியிருப்பதால், எத்தனை தடவை உச்சரித்துப் பார்த்தும் உண்மையான ஒலி எனக்குப் பிடிபடவில்லை. அவர் தன் விதியை 'கன்' என்று சொல்லியிருப்பார். கர்மம் என்ற சொல் பாலி வழியாகப் பர்மிய மொழிக்குப் போய் அப்படிச் சுருங்கியிருக்கிறது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பொதுவாக இருந்த சொல் அது ஒன்றுதான் போலும்.

நானும் சந்தை, வங்கி, முதலாளி என்று சொல்லி ஏட்டை மூடியிருப்பேன். ஒரு வரி மூடவிடவில்லை. 22 ஏக்கர்காரர் பக்கத்தில், வேறு மையில், "இவ்வருஷம் குத்தகை பாதி" என்று எழுதியிருக்கிறது. நிலம் கடைக்கு வந்த பிறகு பழைய சொந்தக்காரரையே குத்தகைக்கு வைப்பது வழக்கம். ஒருவருக்கு ஐயா பாதியாகக் குறைத்திருக்கிறார். முதலாளி கேட்டிருப்பார்; ஐயா பதில் எழுதியிருப்பார்; எழுதியும் வேலை போகவில்லை. 38 ஏக்கர்காரருக்குக் குறைக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த நிலத்தில் வேறு பெயர் இருக்கிறது.

ஆக, ஐயாவின் கையில் ஒன்றுமே இல்லாமல் இல்லை. சந்தையும் வங்கியும் முதலாளியும் அழுத்தியது போக, பாதிக் குத்தகை அளவுக்கு அவரிடம் இடம் இருந்தது. அந்த இடத்தில் அவர் ஒருவரை நிறுத்திக்கொண்டார், இன்னொருவரை வெளியே விட்டார். ஐயாவுக்கு அது ஒரு வரி. வெளியே போனவருக்கு அது பிறவி முழுக்கப் பேசுகிற விதி.

பிறகு எங்கள் முறை வந்தது. 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று, மறுபடி பர்மா போயிருந்த ஐயா காத்திருந்தார், கப்பல் தவறிப்போனது. லட்சக்கணக்கான இந்தியர்களோடு நடந்தார். கூடப் புறப்பட்ட சமையற்காரர் வழியில் காலராவில் போய்விட்டார். 1948இல் பர்மா விடுதலை பெற்றது, நிலம் நாட்டுடைமையானது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பின் வங்கியும் கடையும் போயின. எதுவுமே சொந்தமாக இல்லாத தமிழ்க் கூலிக்காரர்களும் அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஏழைகள் யாருடைய நிலத்தை எடுத்தார்கள்?

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரே வாசகம்தான்: "பர்மா போச்சு, நம்ம விதி." அப்பத்தா ஒரு கதையும் சொல்வார்கள். பாதிக் குத்தகை வாங்கிய குடியானவர்தான் ஐயாவை வண்டி கட்டிக் கொண்டுபோய் வழியனுப்பினாராம். செய்த நன்மை கைவிடவில்லையாம். சின்ன வயதில் அந்தக் கதை கேட்டுத் தூங்கியிருக்கிறேன். நடந்திருக்கலாம். ஆனால் ஐயா வாயால் யாரும் கேட்டதில்லை, எந்தக் கடிதத்திலும் இல்லை. அந்தக் கதையை நான் சாட்சிக்கூண்டில் ஏற்றமாட்டேன். அதை ஏற்றினால், 38 ஏக்கர்காரர் எந்த வண்டியில் எங்கே போனார் என்றும் சொல்ல வேண்டும்.

சைவ சித்தாந்தம் படித்தவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நுகர்வினை பிற உயிர்கள் வழியாகவும் வந்து சேரும் என்பது சாத்திரம். உங்கள் ஐயா அந்தக் குடியானவரின் வினைக்கு ஒரு வழிதான். வழி மேல் என்ன குற்றம் என்றார். பையனுக்கு நீங்களும் அப்படித்தான் என்று என்னைச் சமாதானப்படுத்தவும் பார்த்தார். நல்ல மனசு. ஆனால் அவர் சாத்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். சேர்த்து வைத்த தொல்வினை, அதில் இப்போது அனுபவிக்கும் நுகர்வினை என்று சொல்லும் அதே சித்தாந்தம் ஏறுவினை என்று மூன்றாவது ஒன்றையும் சொல்கிறது. இப்போது செய்வது புதுக் கணக்காக ஏறும். வினை அறிவில்லாத சடம். தானாகப் போய் உரியவரைக் கண்டுபிடித்துப் பற்றாது, இறைவன்தான் கூட்டுவிக்கிறான் என்றும் சொல்கிறது. கூட்டுவிக்கும் வேலையை அவன் என்னிடம் ஒப்படைக்கவில்லை. 1986இல் அந்தப் பையன் முன் நான் உட்கார்ந்திருந்தது கணக்கு வாத்தியாராக. அவனுடைய தொல்வினையைப் படிக்கத் தெரிந்தவனாக அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது நாளும் அவன் தகப்பனாரின் படுக்கையும்தான். அதை வைத்து நான் செய்தது என் ஏட்டில்தான் ஏறும்.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்திருக்கும் வரிசை இதைப் பேசுவதாக எனக்குப் படுகிறது. ஊழைப் பற்றிய 38ஆம் அதிகாரத்தையும் முயற்சியைப் பற்றிய 62ஆம் அதிகாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்று ஊழே வலிது என்கிறதே, மற்றது முயற்சி ஊழைப் புறங்காணும் என்கிறதே, எது சரி என்று கேட்பது வழக்கம். ஊழுக்கு அடுத்தபடி என்ன அதிகாரம் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இறைமாட்சி, அரசனைப் பற்றியது. ஊழோடு அறத்துப்பால் முடிகிறது, புரட்டினால் பொருட்பாலின் வாசலில் அரசன் நிற்கிறான்: யாருடைய ஒரு சொல் ஆயிரம் குடிகளுக்கு ஊழாகிறதோ அவன். செங்கோன்மை, கொடுங்கோன்மை எல்லாம் தாண்டிய பிறகுதான் குடிமகனைப் பார்த்து முயற்சி செய் என்கிற அதிகாரம் வருகிறது. உரையாசிரியர்கள் இப்படிச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. ஆனாலும் அந்த வரிசையில் ஒரு நீதி இருக்கிறது.

எனக்குக் கிடைத்த நல்ல விதியையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராக வராது. பர்மா போன பிறகு எங்கள் வீட்டில் என்னை வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்க வசதி கிடையாது. நான் பட்டதாரி ஆனதற்குக் காரணம் என் முயற்சி என்று பணி ஓய்வு விழாவில் பேசினார்கள். ஆனால் அந்தப் படிப்பு தொடங்கிய இடம் வேறு: 1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் ஊர்ப்புறங்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தக் கட்டாந்தரைக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் 1957இல் காலமானபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. கடைசிக் காலத்தில் நோய் அவரை வாட்டியது. அது அவர் கேட்டு வந்ததில்லை. கல்லூரி அவர் தேர்ந்தது. அந்தக் கூட்டம் நடக்கும்போது நான் பிறக்கவே இல்லை. யாரோ எழுந்து ஒரு சொல் சொன்னார். இருபது வருஷம் கழித்து வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எனக்கு ஒரு வகுப்பறை இருந்தது. அதை அதிர்ஷ்டம் என்றுதான் நான் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து பஸ் ஏறினால் மகிபாலன்பட்டி பக்கம்தான். சங்கப் பாட்டில் வரும் பூங்குன்றம் அதுதான் என்கிறார்கள். கணியன் பூங்குன்றனார், தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை என்றார். உயிர் ஆற்று வழியே மிதந்து போகும் தெப்பம் என்றார். அந்தப் பாட்டின் மேல் எனக்குள்ள பக்தி குறையாது. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று அவர் போய்ச் சேரும் இடம் மனித குலம் எட்டியிருக்கும் உயரங்களில் ஒன்று. தனக்கு நேர்ந்ததற்குப் பிறரைப் பழிக்காதிருக்க அது ஒரு மருந்து. ஆனால் தெப்பத்தில் போகிறவர் பாடும் பாட்டு அது. மேலே மதகுப் பலகையில் கை வைத்திருப்பவன் அதைப் பாடக் கூடாது.

அதே மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்த பண்டிதமணி கதிரேசன் செட்டியாருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் போனது. பள்ளிக்கூடப் படிப்பு சில மாதங்கள்தான். பதினொரு வயதில் இலங்கைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அவர் தானே படித்துத் தமிழும் வடமொழியும் கரை கண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். முயற்சிக்கு உதாரணமாக அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்வேன். ஆனால் ஒரு நாளும் அவரைக் காட்டி இன்னொருவனை மட்டம் தட்டக் கூடாது. லாரி ஓட்டுநரும் முயற்சி செய்தவர்தான். கதிர் அரிவாளைப் பிடித்தது முயற்சி இல்லையா?

திருவிழா முடிந்த வாரம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி பாயை விரித்து, "வாங்க சார்" என்றார். உட்கார்ந்து சொன்னேன். அது தலையெழுத்து இல்லையப்பா, என் கையெழுத்து. தலைமையாசிரியர் கேட்டார், நான்தான் வேண்டாமென்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அன்னைக்கு வெளியிலதான் நின்னேன். நீங்க சொன்னது கேட்டுச்சு."

முப்பத்தெட்டு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு, கூட்டத்தில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, மோர் வாங்கிக் கொடுத்து, தலையெழுத்து என்று சொல்லியிருக்கிறார். மன்னித்துவிடு என்றேன். அவர் பதில் சொல்லாமல் சின்ன மகளைக் கூப்பிட்டார். அவள் தபால் வழியில் பி.காம். படிக்கிறாள், கணக்கில் சந்தேகம் கேட்க ஆள் இல்லையாம். இப்போது ஞாயிறு தோறும் எங்கள் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். இதனால் அந்தப் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் கோடு போடவில்லை.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா, மலேயா, இலங்கைக் கடைகளின் பேரேடுகள் அங்கே எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வளவிலும் பெட்டகத்தில் ஒன்று கிடக்கலாம். விற்பதற்கு முன் ஒரு மாதம் வைத்துப் படியுங்கள். போன நிலத்தையும் போன பணத்தையும் எண்ணுவதற்காக அல்ல. எதிர்ப் பத்தியில், நமக்கு வாயில் நுழையாத எழுத்துக் கூட்டலில், கடன் வாங்கியவர்களின் பெயர்கள் இருக்கும். ஒரு தடவையாவது அவற்றை வாய்விட்டுப் படியுங்கள்.